மூன்றாவது வளைவில் ஒரு மாட்டுத்தோல்

"ஐயோ... ஜியா!"

கன்னியப்பனின் அலறல் காலி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

1934. சித்திரை வெயில். ஆம்பூருக்கு வெளியே, வெள்ளைக்காரப் பட்டாளம் முப்பது வருஷத்துக்கு முன் போட்ட சைக்கிள் பந்தயப் பாதை. தை மாதப் பந்தயத்துக்கு ஊரே கூடும். இப்போது ஒரு காக்காய் கூட இல்லை!

மூன்றாவது வளைவில் ஒரு மாட்டுத்தோல். அதன் அடியில் இரண்டு கால்கள்... இடது காலில், தைப் பந்தயத்தில் விழுந்த தழும்பு!

"செத்து மூணு நாளாச்சு," என்றார் அவனை அழைத்து வந்த காக்கி உடுப்புக்காரர். "நாத்தம் தெரியல?"

"இருவது வருஷம் சுண்ணாம்புக் குழியில நின்ன மூக்கு சார். ஒண்ணும் தெரியாது."

"ரெண்டு பேருக்கும் தோல் பதப்படுத்துற ஒரே ஷாப்புல வேலை. தோஸ்த்து வேற. பந்தயத்துல ஜியாவுல்லா விழுந்தான், நீ ஜெயிச்சே. இப்ப அவன் பொணம்! நான் யாரைப் புடிக்கட்டும்?"

"நான் கொல்லல சார்!"

"அப்ப இன்னாத்துக்கு நடுங்குற?"

கன்னியப்பன் தலை தொங்கியது.

"கொல்லல... ஆனா விழ வெச்சது நான்தான்."

"இன்னா?!"

"தோலுக்குப் பூசுற புங்க எண்ணெய் சார்... பந்தயத்தன்னிக்கு விடியக்காலைல இந்த வளைவுல தேச்சேன். அவன் கால் ஒடிஞ்சுது. கோப்பைய வாங்கின இதே கையால அவனுக்குக் கஞ்சி ஊட்னேன். 'நீ என் கூடப் பொறந்தவன்டா'ன்னான் சார்..."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

தோல் அசைந்தது!

பிணம் எழுந்து உட்கார்ந்தது!!

"யப்பா... உப்பு ஜாஸ்தி இந்தத் தோல்ல," ஜியாவுல்லா கண்ணைத் துடைத்தான். உப்பினால் மட்டுமல்ல. "அன்னிக்கே டயர்ல எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்தேன்டா. நீயே சொல்லுவேன்னு மூணு மாசம் காத்துனு இருந்தேன்."

"ஜியா... பொணம்னாரே... நாத்தம்னாரே..."

"வேற எவனா இருந்தாலும் மோந்து பாத்தே பொய்யின்னு சொல்லிருப்பான்! தோல்காரன் மூக்கை நம்பித்தான் படுத்தேன்."

கன்னியப்பன் நிமிரவேயில்லை.

"ஜெயிலுக்கு அனுப்பிடுறா."

"ஜெயில் வாணாம். நாளைக்கு வேலைச் சங்கு ஊதினதும், ஷாப்புல அத்தினி பேர் முன்னாடியும் இதையே சொல்லு. போதும்."

நூறு பேர்... இருநூறு கண்கள்!

கன்னியப்பன் காக்கி உடுப்புக்காரரின் காலைக் கட்டிக்கொண்டான்.

"சார்! அதுக்குப் பதிலா என்னைத் தூக்குல போட்ருங்க சார்!"

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"போலீசுன்னு நெஜமாவே நம்பிட்டியா? நான் ஜியாவோட மச்சான், அப்துல் ஹமீத். வெளியூர் நாடகக் கம்பெனி, நீ பாத்ததில்ல. எங்ககிட்ட தூக்குல தொங்கினா, அடுத்த சீன்ல எழுந்து வந்து பாடணும்... உனக்குப் பாட வருமா?"