முப்பத்தைந்து நொடி

அந்த வீட்டில் கால்பந்து ஆட்டத்தின் ஒவ்வொரு கோலும் இரண்டு முறை விழும். முதலில் தெருவில் கூச்சலாக விழும். முப்பத்தைந்து நொடி கழித்து டிவியில் விழும்.

எதிரே தையல் கடை. டெய்லர் மாமா அங்கே டிஷ் வைத்திருந்தார். முக்கியமான ஆட்டம் என்றால் பாதித் தெரு அந்தக் கடைக்குள்தான் இருக்கும். மூன்றாம் மாடியில், வாலுவின் வீட்டு டிவிக்கு ஆட்டம் இணையம் வழியாக வந்தது. அதுவும் நேரலைதான். என்ன, கொஞ்சம் ஆடி அசைந்து வரும் நேரலை.

வாலு என்பது பட்டப்பெயர். வயது பத்து. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

முன்பு யாரோ அனுப்பிய திருட்டு லிங்க்கில், அம்மாவின் போனில் பார்த்தார்கள். காலிறுதி ஆட்டத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் அம்மாவின் போன், அவர் வேலை பார்க்கும் லாண்டரியின் மேனேஜருக்கு, "நீங்கள் ஒரு காரை வென்றுவிட்டீர்கள்" என்று தானாகவே பதினேழு முறை செய்தி அனுப்பியது. பாவம், அவர் நம்பிவிட்டார். இனிமேல் திருட்டு வேலையே வேண்டாம் என்று அம்மா முறையாகச் சந்தா கட்டினார்.

அண்ணனுக்காகத்தான் கட்டினார். அண்ணனுக்குப் பதினைந்து வயது, பள்ளி அணியின் கோல்கீப்பர். ஆறு வாரங்களுக்கு முன் ஒரு லாரி மோதி, அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அவன் ஒருமுறைகூட அழவில்லை. சரியாகப் பேசுவதும் இல்லை. நண்பர்கள் வந்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வான். கீழே இறங்கி யார் கண்ணிலும் பட அவனுக்கு விருப்பமில்லை. ஆட்டம் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் விட்டுவிட்டால் அண்ணன் என்ன ஆவான் என்று நினைக்கவே வாலுவுக்குப் பயமாக இருந்தது.

இன்று இறுதி ஆட்டம். பன்னிரண்டாவது நிமிடம் தெருவே அதிர்ந்தது.

"நம்ம கோல்," என்றான் அண்ணன். டிவியில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கீழிருந்து பெரிய "ஐயோ" ஒன்று வந்தது. எதிரணி கோல் போட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளவும் டிவி தேவைப்படவில்லை. வாலு ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டியும் பார்த்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. விபத்தில் அடிபட்ட அண்ணன் தலையில் காதை மூடிக் கட்டுப் போட்டிருந்ததால் ஹெட்போனும் மாட்ட முடியாது.

இடைவேளையில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். "அணைச்சிடு வாலு. எல்லாமே எனக்கு முன்னாடியே முடிஞ்சு போயிடுது."

கொஞ்ச நேரம் அணைக்காமல் இருக்கும்படி கெஞ்சிவிட்டு, வாலு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினாள்.

தையல் கடையில் அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் கூச்சல் மூன்றாம் மாடியில் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. டெய்லர் மாமா தலையைச் சொறிந்தார்.

"கோல் விழுந்தா கத்தக் கூடாதா? என் வாய் என் பேச்சையே கேட்காதேம்மா."

வாலு சுற்றிலும் பார்த்தாள். மூலையில் வெட்டுத்துணி மூட்டை இருந்தது. கை நிறைய அள்ளி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். அதைக் கடித்துக்கொண்டு முப்பத்தைந்து வரை எண்ண வேண்டும், அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்றாள். கூட்டத்தில் இருந்த டாக்ஸிக்காரர் மட்டும் தன் தொண்டைக்கு இது போதாது என்று பெரிய துண்டாக வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் முதலில் ஜன்னல் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பிறகு அதை மறந்து ஆட்டத்துக்குள் போய்விட்டான்.

கடைசி நிமிடம். எதிரணிக்குப் பெனால்டி. அண்ணன் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வாலு ஜன்னல் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். டெய்லர் மாமா கடை வாசலில், வாயில் துணியோடு தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். டாக்ஸிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தோற்றாகிவிட்டது. டிவியிலோ கோல்கீப்பர் அப்போதுதான் கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் தன் முகத்தைப் பார்த்துவிடாதபடி வாலு டிவிக்கு நேராகத் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான அரை நிமிடம் வந்ததில்லை.

"இடது பக்கம்," என்றான் அண்ணன். "அடிக்கப்போறவன் இடுப்பைப் பாரு. இடது பக்கம் போ."

கோல்கீப்பர் இடது பக்கம்தான் பாய்ந்தார். பந்து அவர் விரலில் பட்டது. பட்டுவிட்டு உள்ளே போனது.

"விரல்ல பட்டுச்சு வாலு. சரியாத்தான் போனான். அப்படியும் உள்ளே போயிடுச்சு." சொல்லும்போதே அண்ணனின் குரல் உடைந்தது. அவன் அழுதான். ஆறு வாரமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். அழாதே என்று வாலு சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

அப்போதுதான் தெருவிலிருந்து அந்த "ஐயோ" எழுந்தது. அண்ணன் தலையைத் தூக்கினான்.

"இவங்களுக்கு ஏன் இப்பத்தான் வருது?"

வாலு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் ஊன்றுகோலை எடுத்து மெதுவாக எழுந்து ஜன்னலைத் திறந்தான். கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"விரல்ல பட்டுச்சு, பார்த்தீங்களா?" என்றான் அண்ணன்.

"பட்டுச்சுதான்," என்றார் டெய்லர் மாமா. "ஆனா கொஞ்சம் அவசரப்பட்டுத் தாவிட்டான்."

"இல்ல மாமா, தாவினது சரிதான். கையைத்தான் முழுசா நீட்டல."

டாக்ஸிக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மாடிக்கும் தெருவுக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. லாண்டரி வேலை முடிந்து வந்த அம்மா, மேலிருந்து கேட்டது யாருடைய குரல் என்று தெரிந்ததும் படியேறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.