வளராது என்றொரு சான்று

கை துண்டாகிப்போன எஸ்தரின் வலது மணிக்கட்டில் மாட்டியிருந்த முளைக்கூட்டுக்குள் விளக்கைப் போட்டு, டாக்டர் நூர்ஜஹான் குனிந்து பார்த்தார். வெட்டுவாயில் தழும்பு இல்லை. மெல்லிய தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு மொட்டு எழும்பியிருந்தது.

அம்பத்தூரின் மீள்முளைப்பு மருத்துவமனையில் இது அன்றாடக் காட்சிதான். ஆனால் எஸ்தரின் அதே கைக்கு இது இரண்டாவது மொட்டு.

பல்லி போன்ற சாலமாண்டரிடம் கற்ற வித்தை அது. அந்தச் சிறு பிராணியின் கால் துண்டானால், வெட்டுவாய்ச் செல்கள் தம் பழைய வேலையை மறந்து இளமைக்குத் திரும்பும். இருந்த இடத்தை மட்டும் மறக்காது. தோள்பக்கம் ஓர் அமிலம் மிகுந்திருக்கும். விரல்பக்கம் ஒரு நொதி அதைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால் குறைந்திருக்கும். அந்த அளவை வைத்துத்தான், எங்கிருந்து வளர வேண்டும் என்று மொட்டு அறிந்துகொள்கிறது. நூர்ஜஹான் அதற்கு ‘முகவரி அமிலம்’ என்று பெயர் வைத்து, மனித உடலிலும் அதை அளவோடு நடத்தக் கற்றிருந்தார். கொஞ்சம் மிஞ்சினால் மணிக்கட்டில் முழங்கை முளைத்துவிடும்.

“மறுபடியும் எப்படிம்மா? குறுக்கே கை போனா, தகடு வெட்டுற பிரஸ்ஸை நிறுத்துற ஒளித்திரை இருக்குமே?”

“கழட்டிட்டாங்க டாக்டரம்மா. அடிக்கடி நின்னு வேலை கெடுதாம். போனா வளத்துக்கலாம்னு சூப்பர்வைசர் சிரிச்சிக்கினே சொல்றாரு. கெட்ட மனுசன் இல்ல. போன தபா எனக்கு ஆரஞ்சுப் பழம்லாம் வாங்கியாந்தாரு.”

அன்று மாலையே நூர்ஜஹான் தொழிற்சாலை மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

“உங்க புண்ணியத்துல எங்க ஆளுங்க பயமில்லாம வேலை செய்யறாங்க மேடம்,” என்றார் அவர் உண்மையான நன்றியோடு. “செலவு முழுக்க நாங்கதானே பாக்குறோம்?”

கை வளர்ந்து கூட்டைக் கழற்றிய நாளில், எஸ்தர் புது விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“டாக்டரம்மா, எனக்கு இனிமே கை வளராதுன்னு எழுதிக் குடுங்க.”

“வளருமே எஸ்தர். எத்தனை தடவை போனாலும் உன் செல்லுக்கு இடம் ஞாபகம் இருக்கும்.”

“எனக்கு வலியும் ஞாபகம் இருக்கே. மிஷின் சத்தம் கேட்டாலே கை தானா பின்னால போவுது. வளரும்னு தெரிஞ்சதாலதான டாக்டரம்மா அந்தத் திரையக் கழட்டினாங்க?”

மனிதக் கை மீண்டும் வளரும் என்று நிரூபிக்க நூர்ஜஹான் தன் இளமையையே கொடுத்திருந்தார். மருத்துவமனைத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு, இந்த நோயாளிக்கு மீள்முளைப்பு இனிப் பலிக்காது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் எழுதிய முதல் பொய்ச் சான்று அது.

எஸ்தரின் பிரஸ்ஸில் ஒளித்திரை திரும்ப வந்தது. அவள் பிரஸ்ஸில் மட்டும்.

அடுத்த வாரம் ஒரு காலையில் காத்திருப்புக் கூடம் நிறைந்திருந்தது. எல்லாரும் நீலக் கோட்டு அணிந்த பெண்கள்.

“பிரஸ் ஷாப் ஆளுங்க மேடம்,” என்றாள் நர்ஸ் குழப்பத்தோடு. “ஆனா ஒருத்தருக்கும் அடிபடல.”

முதலில் வந்தவள் எதிரே உட்கார்ந்து, முழுசாக இருந்த இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

“எனக்கும் வளராதுன்னு எழுதித் தாங்க டாக்டரம்மா.”

நூர்ஜஹான் அந்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.