ஃபேன் இல்லாத பெட்டி

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு அக்காவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சேர்ந்தார்கள். வெளியே நல்ல வெயில். உள்ளே கால் வைத்ததும் அப்பா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை. அவர் போய்விட்டாலும் அது மட்டும் காலி பண்ண மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அக்கா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். யாருக்கும் சுலபத்தில் மசியாதவள். கையோடு கொண்டுவந்த சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை முன்னறையில் வைத்து, ஸ்பீக்கரோடு இணைத்தாள். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. பாடுவது ஒன்றுதான் அதற்கு வேலை. போனிலிருந்து சொன்னால் போதும். முக்கியமாக, உள்ளே ஃபேன் கிடையாது. சூட்டை அலுமினிய உறையே வாங்கிக்கொள்ளும். ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்டாலும் தெரியாது.

அந்த வீட்டில் ஃபேன் சத்தத்துக்கு ஒரு கதை உண்டு. அப்பாவுக்குப் பாட்டென்றால் ஆகாது. அம்மாவுக்கோ பாடாமல் இருக்க முடியாது. அதனால் சாமான் அறையில் டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்கு அடியில் பாடுவாள். அப்படியும் அவர் காதில் விழுந்துவிட்டால், கைத்தடியால் சுவரில் மூன்று தட்டு. பாட்டு பாதியில் நின்றுவிடும். அதன் கடைசி அடியைப் பிள்ளைகள் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிஞ்சியது ஃபேன் இரைச்சலோடு பதிவான ஒரே ஒரு கேசட். அக்கா இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த இரைச்சலைத் துடைத்தெடுத்து, பாட்டைப் பெட்டியில் ஏற்றியிருந்தாள். அப்பாவின் வீட்டிலேயே, எந்த இரைச்சலுக்கும் ஒளியாமல் அம்மா பாட வேண்டும். அதுதான் அவள் வைராக்கியம். உன் வீட்டிலேயே கேட்கலாமே என்று தம்பி வழியெல்லாம் கெஞ்சியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனைத் தொட்டாள். அம்மாவின் குரல் அறையை நிறைத்தது. இருவருக்கும் கண் கலங்கியது.

டொக். டொக். டொக்.

பாட்டு நின்றது.

"கேசட்லயே இருக்கும்போல," என்று தம்பி முணுமுணுத்தான். "ஃபேன் சத்தத்துல மறைஞ்சிருக்கு."

அவள் மறுபடி போட்டாள். இந்த முறை முதல் அடியிலேயே தட்டு விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் அறை. கதவில் பூட்டு. சாவி அக்காவிடம். கைத்தடியும் உள்ளேதான் இருக்கிறது.

தைல வாடை நெருங்கி வந்தது.

"பழையபடி ஃபேன் சத்தத்தோடயே வச்சுடுக்கா. இந்தத் தட்டு கேக்காது."

"கேக்கலன்னா இல்லன்னு ஆயிடுமாடா?"

பயம் அவளுக்கும்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிது. பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருப்பிப் பிடித்து, அதே சுவரில் ஓங்கித் தட்டினாள். மூன்று முறை.

"போதும்ப்பா," என்றாள். "அம்மா, நீ பாடு. நாங்க இருக்கோம்."

மூன்றாம் தடவையாகப் போட்டாள். சுவர் அதிர்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது.

குரல் நிற்கவில்லை.

பதிவு முடியும் இடம் வந்தது. போனில் ஓடிய நேரம் நின்றது. குரல் மட்டும் மேலே போனது, இருவரும் கேட்டறியாத அடிக்குள். கடைசி வரை பாடி முடித்தது.

அந்தப் பக்கம் ஏதோ முறிந்தது.

தம்பி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அக்கா பூட்டைத் திறந்தாள். கைத்தடி இரண்டு துண்டாகக் கிடந்தது. மூலையில் டேபிள் ஃபேன் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதன் ஒயரைத் தம்பி என்றைக்கோ வேறு வேலைக்கு வெட்டி எடுத்திருந்தான்.

"இனிமே இது வேணாம்மா," என்று அக்கா அதன் தலையில் கை வைத்தாள். இறக்கைகள் மெல்ல அடங்கி நின்றன.

முன்னறையில் பாட்டு முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கியது.

தம்பி கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். அக்கா போய், தெருவுக்கே கேட்கட்டும் என்று ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.