பத்தடிக்கு அப்பால்

சுடர்க்கொடி இரண்டு பிள்ளைகளோடு மெட்ரோவில் ஏறியதும், பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து மறுகோடிக்குப் போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பதினொரு நாளாகப் பழகிப்போனதால் அவளும் பதறவில்லை. காலியான இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஐந்து வயது யாழி ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டாள். மூன்று வயது நீலன் செருப்பைக் கழற்றி வீசினான். மறுகோடியில் நின்ற நாற்பது பேரும் அந்தச் செருப்பு உருண்டு நிற்கும்வரை கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

தென்கொரியாவின் பூசான் நகரத்தில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மொத்தம் நாற்பத்தொன்று. விமான நிலையத்தில் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. தூத்துக்குடியில் அவள் தெருவிலேயே அத்தனை தேறும். முன்பெல்லாம் இங்கே ஒரு குழந்தை வெளியே வந்தால் ஊரே கூடிவிடுமாம். கன்னத்தைத் தொட ஆளாளுக்குக் கை நீட்டுவார்களாம். அதனால் சட்டம் வந்தது. குழந்தையிடமிருந்து பத்தடி தள்ளித்தான் யாரும் நிற்கலாம். பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பிள்ளைகளை விட்டு ஒரு நிமிடம் நகர முடியாத தாயைச் சுற்றியும் அந்தப் பத்தடி வெறுமை கூடவே நடந்தது. கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் பின்னறைக்குப் போய்விடுவார். லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள்.

மற்றபடி ராஜ உபசாரம். அறை, ரயில், பால், மருந்து எல்லாம் இலவசம். கணவன் முத்துவேல் எஞ்சினியராக இருக்கும் கப்பல் பழுது பார்க்க இங்கே வருவதாக இருந்தது. பத்து மாதமாகப் பார்க்காத அப்பாவைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டாள். கப்பலோ புயலுக்கு ஒதுங்கி வேறெங்கோ நிற்கிறது. அவன் கூப்பிட்டால் அரை நிமிடத்தில் லைன் அறுந்துவிடுகிறது. இத்தனை நாளில் அவளிடம் முழுதாக நாலு வார்த்தை பேசியது, காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவியான செவித்துணை மட்டும்தான். அதுவும் செய்தி வாசிப்பவரின் தமிழில்.

இத்தனைக்கும் பதிலாக நகரம் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் காலை பத்து மணிக்குக் கடற்கரையில், வெள்ளைக் கயிறு கட்டிய வட்டத்துக்குள் பிள்ளைகள் விளையாட வேண்டும். குலுக்கலில் காண்சீட்டு விழுந்த ஒருவர் கயிற்றோரத்தில் நின்று பன்னிரண்டு நிமிடம் பார்க்கலாம். ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். இதுவரை பதினொரு பேர் வந்து போய்விட்டார்கள். ஒருவர் யாழியின் பெயரைக் கேட்டார். ஒருவர் கடல் பிடிக்குமா என்றார். ஒருவர் பேச வாயெடுத்து அழுதுவிட்டார். எவருடைய கண்ணும் சுடர்க்கொடி பக்கம் திரும்பவில்லை. அவள் அந்த ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி.

நேற்று மாலை நீலனுக்குக் காய்ச்சல் கண்டது. கண்பட்டுவிட்டது என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஓர் ஊரே ஏங்கிப் பார்த்தால் பிள்ளை தாங்குமா? காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டாலும், பையின் அடியில் கிடந்த மைச்சிமிழைத் தேடி எடுத்து, இரண்டு பேர் கன்னத்திலும் சுண்டைக்காய் அளவுக்குப் பொட்டு வைத்துத்தான் கிளம்பியிருந்தாள்.

கடற்கரையில் வட்டத்துக்குள் காலை வைத்ததும் கம்பத்தில் இருந்த நலக்கண் சிவப்பாக எரிந்தது. பிள்ளைகளின் உடல்நிலையைத் தினமும் சோதிக்கும் கேமரா அது.

"குழந்தைகள் இருவரின் முகத்திலும் காயம் தெரிகிறது. இன்றைய காட்சி ரத்து செய்யப்படுகிறது," என்றது செவித்துணை.

"ஐயோ, காயமில்ல. மை. பொட்டு வச்சிருக்கேன்."

"குறி அகற்றப்பட்டால் காட்சி நடக்கும். பார்வையாளர் ஓ ஹேரிம், வயது ஐம்பத்தாறு, கப்பல் பட்டறையில் வெல்டர். இந்தச் சீட்டுக்கு ஒன்பது ஆண்டு காத்திருந்தவர். ரத்தானால் மீண்டும் குலுக்கலில் சேர வேண்டும். குறியின் நோக்கத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லுங்கள்."

கயிற்றுக்கு அப்பால் அந்தப் பெண் நின்றாள். மடிப்புக் கலையாத புது நீலக் கோட்டு. கைகளில் பழைய தீப்புண் தழும்புகள். சுடர்க்கொடிக்குச் சட்டென்று பொய் வரவில்லை.

"பிள்ளையப் பாக்குறவங்க கண்ணு படக்கூடாதுன்னு வைப்போம். பிள்ளை இல்லாதவங்க ஏங்கிப் பாத்தா ஆகாதுன்னு... எங்க ஊர்ல சொல்லுவாங்க."

செவித்துணை அதைச் சுற்றி வளைக்காமல் அப்படியே மொழிபெயர்த்துவிட்டது. ஹேரிம் சண்டைக்கு வரவில்லை. தலை குனிந்து, பிள்ளைகள் தன் கண்ணில் படாதபடி முகத்தை மணல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே ஓரடி பின்னால் வைத்தாள்.

அந்தத் திரும்பலைச் சுடர்க்கொடி அறிவாள். யாழி பிறப்பதற்கு முன் ஐந்து வருடம் அவளுக்குப் பிள்ளை இல்லை. நாத்தனார் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவில் அவள் வாசலில் நுழைந்ததும், நாத்தனார் குழந்தையை உள்ளே தூக்கிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். குழந்தையின் கன்னத்தில் ஈரம் காயாத பொட்டு. சுடர்க்கொடி சிரித்தாள், பாயசம் குடித்தாள், வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த நாத்தனாராக இன்று தானே நிற்பதை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

துப்பட்டா நுனியை எச்சிலில் நனைத்துப் பிள்ளைகளின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வலிக்கும்மா! நீதான வச்ச, நீயே ஏன் அழிக்க?" என்றாள் யாழி.

"பேசாம இருட்டி. அந்தப் பெரியம்மா பாக்கணும்."

நலக்கண் பச்சையானது. ஹேரிம் மெல்ல முன்னால் வந்து மண்டியிட்டாள். நீலன் மணலை அள்ளி யாழி தலையில் கொட்டினான், யாழி கத்தினாள், இருவரும் புரண்டார்கள். ஹேரிம் முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஆசை தீரப் பார்த்தாள். கண்பட்டுவிடுமோ என்ற பயம் சுடர்க்கொடிக்குப் போகவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

"ஒரு நிமிடம் உள்ளது. வாக்கியம் இன்னும் பேசப்படவில்லை."

ஹேரிம் எழுந்தாள். பிள்ளைகளைத் தாண்டிச் சுடர்க்கொடியின் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல்கார மகனோடு விழித்த கண்களை, வாராத தலையை எல்லாம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள்.

"நீ சாப்பிட்டாயா, என்று கேட்கிறார்," என்றது செவித்துணை.

சுடர்க்கொடி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஊரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கேட்கிற கேள்வி. ஒன்பது வருடம் காத்துக் கிடைத்த ஒரே வாக்கியத்தை இவள் எனக்காகச் செலவழித்துவிட்டாளே!

"இல்லக்கா," என்றாள். "நேத்துலருந்து ஒண்ணும் எறங்கல. இவனுக்குக் காய்ச்சல். அவுக கப்பலும் வரல. பேச ஒரு ஆளில்லக்கா..."

"மன்னிக்கவும். பதிலை மொழிபெயர்க்க அனுமதி இல்லை. நேரம் முடிந்தது."

மணி அடித்தது. ஹேரிம் புரியாத அந்தத் தமிழைக் காது கொடுத்துக் கேட்டபடி பத்தடி வரைக்கும் பின்னோக்கியே நடந்தாள். பிறகு படியேறிப் போய்விட்டாள். அவள் கோட்டு மறைந்த பிறகும் சுடர்க்கொடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது, யாழி பையைக் குடைந்து மைச்சிமிழை எடுத்து வந்திருந்தாள். விரல் முழுக்க மையைத் தொட்டு அம்மாவின் கன்னத்தில் பெரிதாக அப்பினாள்.

"என்னட்டி இது?"

"இன்னைக்கு உன்னையும் ஒராளு பாத்துட்டாங்கல்ல?"

திரும்பும்போது மெட்ரோவில் நல்ல கூட்டம். எல்லோரும் எழுந்து மறுகோடிக்குப் போய் நின்று, தூங்கி வழியும் நீலனைப் பார்த்தார்கள். ஜன்னலில் விரலால் கோடு போடும் யாழியைப் பார்த்தார்கள். சுடர்க்கொடி நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னம் அவர்களுக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். ஒன்பது நிறுத்தம் போயிற்று. அந்தப் பொட்டை ஒருவரும் பார்க்கவில்லை.