மூலப்பதிவு எண் எழுபத்து மூன்று

மகிழினியின் நெற்றிப்பட்டை மூன்றாவது முறையாகச் சிவந்தது. வகுப்பில் மற்ற முப்பத்தொரு பெண்களுக்கும் பச்சை. அவள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தன் எண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு.

கணக்காசிரியை சுகிர்தா பார்க்காததுபோல் பலகையின் பக்கம் திரும்பினாள். ஒரே பாடத்தில் மூன்று முறை நாற்பதுக்குக் கீழே போனால் செய்திறன் பிரிவு. அங்கே மின்பழுது பார்க்கலாம், துணி வெட்டலாம், சமையல் படிக்கலாம். கணக்கு கிடையாது.

அறந்தாங்கியில் மட்டுமல்ல, மாநிலம் முழுவதும் தேர்வு என்ற ஒன்று ஒழிந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. வினாத்தாள் இல்லை, காப்பி அடிப்பது இல்லை, திருத்துபவரின் தயவு இல்லை. புரிமானி போதும். ஒரு கணக்கைப் பார்க்கும்போது பிள்ளையின் மூளையில் எழும் அதிர்வை அந்த நெற்றிப்பட்டை படிக்கும். அந்தப் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்ட ஓர் ஆசிரியரின் மூளையிலிருந்து எடுத்த மூலப்பதிவோடு ஒப்பிடும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அதுதான் புரிதல் எண்.

ஏழாம் வகுப்புக் கணக்கின் மூலப்பதிவுகள் நூற்றுப் பன்னிரண்டும் சுகிர்தாவுடையவை.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு மகிழினி மட்டும் நின்றாள்.

"டீச்சர், விடை சரிதானே? முக்காலை அரையால வகுத்தா ஒண்ணரை."

"விடை சரிம்மா. ஆனா மானி விடையைப் பாக்காது. புரிஞ்சுதான் போட்டியான்னு பாக்கும்."

"புரிஞ்சுதான் டீச்சர் போட்டேன்." மகிழினி ஓரடி முன்னால் வந்தாள். "எங்கம்மா கடையில எண்ணெய் ஊத்தி விப்பாங்கல்ல? ஒரு லிட்டர் இருந்தா அரை லிட்டர் பாட்டில் ரெண்டு நிரம்பும். முக்கால் லிட்டர்தான் இருக்குன்னா, அந்த ரெண்டுல முக்கால் பங்கு. ஒரு பாட்டில் முழுசா, இன்னொண்ணுல பாதி. அதனாலதானே தலைகீழாக்கிப் பெருக்கறோம்? ஒரு லிட்டருக்கு எத்தனை பாட்டில்னுதானே அந்த ரெண்டு சொல்லுது?"

சுகிர்தா பலகையில் இருந்த கணக்கைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறாள். ஏன் தலைகீழாக்குகிறோம் என்பது இந்த நிமிடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

புரியாதது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன் மூலப்பதிவு எடுக்கப் பதிவுக்கூடத்தில் அவளை உட்கார்த்தியபோது அளவீட்டு வாரியத்துப் பொறியாளர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "எந்தப் பாடத்துல கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் சொல்லிடுங்க மேடம். அதை மட்டும் வேற ஆசிரியர்கிட்ட எடுத்துக்கறோம், ஒண்ணும் தப்பில்ல." எழுபத்து இரண்டு பாடங்களைப் புரிந்தே செய்தாள். எழுபத்து மூன்றாவது, பின்னங்களின் வகுத்தல். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது நாக்கு நுனியில் வந்தது: கீழே இருப்பதை மேலே போடு, பெருக்கு. போட்டாள். விடை சரியாக வந்தது. "அடுத்தது போகலாமா?" என்று அவர் கேட்டார். சுகிர்தா தலையாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியரும் இரண்டு அதிகாரிகளும் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி 'தெரியாது' என்பது?

அப்படியானால் பதினான்கு வருடமாக மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்குப் பச்சை விழுந்திருக்கிறது. புரிந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சிவப்பு. எழுபத்து மூன்றாம் பாடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அது கடினமான பாடம் என்று வாரியத்தின் ஆண்டறிக்கை ஒவ்வொரு வருடமும் எழுதுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் மனதில் ஏதோ உறுத்தும், பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றாள் மகிழினியிடம்.

அவள் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றே வாரியத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, இரண்டு வரியில் நிறுத்தினாள். இன்னொரு நாள் எழுதி அழித்தாள். வெளியில் தெரிந்தால் என்ன சொல்வார்கள், எத்தனை பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தாலே பேனாவை மூடிவிடுவாள். பத்தாம் நாள் மகிழினியின் மாற்றல் படிவம் மேசைக்கு வந்தது. பாட ஆசிரியர் கையெழுத்து என்ற இடத்தில் சுகிர்தா கையெழுத்துப் போட்டாள். மகிழினியின் அம்மா, "உங்களால முடிஞ்சதைச் செஞ்சிருப்பீங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் ஆசிரியர்களுக்கான ஆண்டு அளவீடு. சுகிர்தாவுக்கு அது வெறும் சடங்கு. அவளை அவளோடுதானே ஒப்பிடப் போகிறார்கள்? ஒவ்வொரு பாடமும் பச்சையாகப் போய்க்கொண்டே இருந்தது. எழுபத்து மூன்றில் பட்டை சிவந்தது. இருபத்து நான்கு.

கருவிக் கோளாறு என்று மறுபடி வைத்தார்கள். இருபத்து மூன்று. கணக்கைப் பார்த்ததும் அவள் கண்ணுக்குள் பாட்டில்கள் வந்து நின்றன. பழைய வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பார்த்தாள். அது தனியாக வர மறுத்தது. கூடவே அதன் காரணமும் வந்தது.

அதற்குப் பிறகுதான் துணிச்சல் வந்தது. அதைத் துணிச்சல் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒளிக்க இனி எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். பேருந்து ஏறித் திருச்சிக்குப் போய், அளவீட்டு வாரியத்தின் குறைதீர் அலுவலர் பிரணவ் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்தாறு வயதுப் பையன். பணிவாகக் கேட்டான். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தான்.

"மேடம், நான் உங்க பதிவுலதான் படிச்சேன். எழுபத்து மூணுல எனக்குத் தொண்ணூத்தேழு."

"சரி தம்பி. அப்போ நீங்க சொல்லுங்க, ஏன் தலைகீழாக்கறோம்?"

"ஏன்னா?" அவன் சிரித்தான். "அப்படித்தான் மேடம். வகுத்தல்னா தலைகீழாக்கிப் பெருக்கறது."

"அது எப்படிச் செய்யறதுன்னு சொல்றீங்க. ஏன்னு கேக்கறேன்."

அவன் முகத்தில் எரிச்சல் இல்லை, வெட்கமும் இல்லை. அவள் கேட்டதைத்தான் தானும் சொன்னோம் என்று உண்மையாகவே நம்பினான். நல்ல பையன். அவனை இப்படி ஆக்கியது தான்தான் என்று நினைத்தபோது சுகிர்தாவால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அவன் திரையைத் திருப்பி விதியைக் காட்டினான். மூலப்பதிவின்மேல் ஆட்சேபம் சொல்ல, அந்தப் பாடத்தில் எண்பதுக்கு மேல் எண் வேண்டும்.

"போன வருஷம் வந்திருந்தீங்கன்னா உங்களுக்கு நூறு மேடம். அந்தப் பதிவை உடனே நீக்கியிருப்போம். இப்போ பதிவுல என்ன வருதுன்னா, 'பாடம் புரியாதவர் கொடுத்த புகார்'னுதான் வரும்." தயங்கிவிட்டுச் சொன்னான்: "கொஞ்சம் ஓய்வெடுங்க. மறுபடி படிச்சா வந்துடும்."

பதினான்கு வருடம் அவளுக்குச் சொல்ல உரிமை இருந்தது. அப்போது வாயைத் திறக்கவில்லை.

மன்னிப்பாவது கேட்கலாம் என்று மறுநாள் பகலில் செய்திறன் கூடத்துக்குப் போனாள். மகிழினி ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மாதத்தில் உயரமாகியிருந்தாள். ஆசிரியையைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! உங்ககிட்டச் சொல்லணும்னே இருந்தேன்!"

"முதல்ல நான் சொல்றேன்மா. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நீ புரிஞ்சுக்கிட்டதுதான் சரி. தப்பு பதிவுல இருந்துச்சு. அது என் தப்பு. தெரிஞ்சும் நான் சொல்லல."

மகிழினி புரியாமல் விழித்தாள்.

"என்ன சொன்னேன் டீச்சர் அன்னைக்கு?"

"அந்த எண்ணெய், பாட்டில்..."

"ஐயோ, அதுவா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதெல்லாம் விட்டுட்டேன் டீச்சர். மறு அளவீட்டுக்கு ஆறு மாசம் பழகினேன். பாட்டில் ஞாபகம் வந்தா உடனே கையைக் கிள்ளிப்பேன். இப்போ ஒண்ணுமே வராது, விடை மட்டும்தான் வரும். போன வாரம் தொண்ணூத்தொண்ணு! திங்கக்கிழமைலேருந்து திரும்ப நம்ம ஸ்கூல்தான்."

அவளுடைய முன்கையில் மங்கலான நகத்தழும்புகள் வரிசையாக இருந்தன.

சுகிர்தா பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க டீச்சர். ஏன் அழறீங்க? உங்களுக்கு இப்போ எவ்வளவு வருது?"

"இருபத்து மூணு."

மகிழினியின் முகம் இரக்கத்தால் கனிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க. நான் சொல்லித் தரேன். ரொம்ப சுலபம் டீச்சர், ஏன்னு மட்டும் கேக்கவே கூடாது."