கல்யாணக் கோப்பையில் இன்னொரு பெயர்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஜெயபாய் கட்டஞ்சாயாவைக் குடித்து முடிப்பதற்குள் லிஜி அழுதுகொண்டே படியேறி வந்தாள். ரசலையன் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜெயபாய் வேலையில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு ஆட்டோ ஓட்டுகிறவர் இவர்தான். வழக்கின் வாசனை வந்துவிட்டால் மனிதருக்குச் சவாரி, சாப்பாடு எதுவும் நினைவிருக்காது.

2012-இல் அருமனை ஊரில் லிஜியைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டு அடுக்களையிலேயே கண்ணாடிக் கோப்பைகளில் பெயரும் பூவும் பொறித்துக் கொடுப்பவள். மறுநாள் பிரபினுக்கும் சிந்தியாவுக்கும் கல்யாணம். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மணமக்கள் ஒயின் குடிக்கும் இரண்டு கோப்பைகளும் அவள் செய்தவை.

"ரெண்டிலயும் பிரபின், சிந்தியாண்ணுதான் மேடம் போட்டேன். நேத்து மாப்பிள்ளை வீட்டுல பாத்தா ஒண்ணுல பிரபின், அஸ்வதிண்ணு இருக்கு. அஸ்வதி அவனுக்க ஆபீஸ்ல வேலை பாக்குத பிள்ளை. பொண்ணுக்க அப்பா சிலுவை என்னையும் ஏசிட்டு, கல்யாணமே வேண்டாம்ணு நிக்காரு. வேற ஆருக்கோ செஞ்ச கிளாஸ் மாறிப்போச்சுண்ணு நான் ஒத்துக்கணுமாம். மாப்பிள்ளை வீட்டுல நெருக்குதாங்க."

"ஒத்துக்கிட்டா என்ன ஆவும்?"

"எனக்க தொழில் போச்சு. ஒத்துக்காட்டா அந்தப் பிள்ளைக்க கல்யாணம் போச்சு."

ஜெயபாய் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ வேலை செய்யுத விதத்தைச் சொல்லு மோளே."

"ஸ்டிக்கர்ல பேரை வெட்டி கிளாஸ்ல ஒட்டுவேன். வெட்டின இடத்துல எச்சிங் கிரீம் தேச்சு, கொஞ்சம் கழிச்சுக் கழுவுவேன். கிரீம் பட்ட இடம் வெள்ளையா மங்கிடும். பிறகு என்ன செஞ்சாலும் போவாது. ஆனா ஈரத்துல ஒண்ணும் தெரியாது. தொடச்சுக் காயணும், அப்பதான் பேரு தெளிஞ்சு வரும்."

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"தவக்காலத்துல மகளிர் குழுவுல எல்லாருக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன். ஆளுக்கொரு குப்பி கிரீமும் கொடுத்தேன்" என்றாள் லிஜி. ஊருக்கு நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்டவளைப் பார்க்க ரசலையனுக்கு மனசு பொறுக்கவில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவை அப்போதே கிளப்பினார்.

மாப்பிள்ளை வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள், கல்யாணக் களைதான் இல்லை. கோப்பைகள் பிரபினின் நண்பன் சிஜோ துபாயிலிருந்து கொண்டுவந்தவை. பெட்டியில் ஆறு. இரண்டு லிஜியிடம் போக, மீதி நான்கும் அடுக்களை அலமாரியில் இருக்க வேண்டும். ஜெயபாய் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூன்றுதான் இருந்தன.

"சிஜோதான் மேடம்" என்று ரசலையன் காதைக் கடித்தார். "மூஞ்சியைப் பாருங்க, ஆளைக் களியாக்கிச் சிரிக்குததுக்குண்ணே பொறந்தவன்." இதற்கு முன் மூன்று வழக்குகளிலும் அவர் முதலில் பிடித்த ஆள் குற்றவாளி இல்லை என்பதை ஜெயபாய் நினைவுபடுத்தவில்லை.

தவறான கோப்பையை முதலில் பார்த்தவர் செசிலி, பிரபினின் அப்பாவுக்குத் தங்கை. மகளிர் குழுவிலும் இருப்பவர்.

"நான்தான் ரெண்டையும் கழுவினேன். வாளித் தண்ணியில முக்கி எடுக்கும்பளே அஸ்வதிண்ணு கண்ணுல அடிச்சு. அப்பமே கூப்பாடு போட்டேன்" என்றார் செசிலி.

"வாட்ச் புதுசா இருக்கே?"

"பிரபின் போன வாரம் தந்தான். கல்யாணத்துக்கு மாமிமார் எல்லாருக்கும் வாங்கினான்." வாட்ச்சின் முகப்பு உள்கைப் பக்கம் திரும்பியிருந்தது. செசிலி ரசலையனைப் பார்த்து, "அண்ணே, மணி என்ன ஆச்சு?" என்றார். ரசலையன் பெருமையாகச் சொன்னார்.

ஜெயபாய் எல்லோரையும் பந்தலுக்கு வரச் சொன்னார். ஆள் அனுப்பி வரவழைத்த சிலுவை கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். கடற்கரையில் மீன் வியாபாரம் செய்பவர், இலேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. ஜெயபாய் தவறான கோப்பையைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அவரிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் தெரியல்லியே."

துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி நீட்டினார். அஸ்வதி என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"ஈரத்துல இந்தப் பேரை ஆராலயும் வாசிக்க முடியாது. செசிலி வாசிச்சிருக்காங்க. பேரு முன்னாலயே தெரிஞ்சவங்களுக்குத்தான் அது முடியும்."

"ஏதோ பதட்டத்துல சொன்னேன்" என்றார் செசிலி.

"சரி. கையில வாட்ச் இருக்கும்ப ரசலையன்கிட்ட எதுக்கு மணி கேட்டிய? திருப்புங்க பாப்போம்."

செசிலி திருப்பவில்லை. பிரபினே மாமியின் கையைப் பிடித்துத் திருப்பினான். வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணாடியின் நடுவே வெள்ளையாக ஒரு திட்டு முள்ளையே மறைத்திருந்தது. ஜெயபாய் ஈரவிரலால் தொட்டார், திட்டு மறைந்தது. துடைத்துக் காயவிட்டதும் திரும்ப வந்தது.

"அழுக்குண்ணா தொடச்சா போயிரும். இது கிரீம் அரிச்சது."

"அது லிஜி சொல்லிக் கொடுத்த அண்ணைக்குப் பட்டது!"

"வகுப்பு நடந்தது தவக்காலத்துல, மாசக்கணக்குக்கு முன்னால. பிரபின் வாட்ச் தந்தது போன வாரம்" என்றார் ஜெயபாய்.

செசிலி நாற்காலியில் சரிந்தார். "எனக்க கொழுந்தனுக்க மவளுக்கு இவனைக் கேட்டேன். அண்ணன் முகம் கொடுத்தே பேசல்ல. அந்தக் கோவத்துல அலமாரியில இருந்த ஒரு கிளாஸை எடுத்துப் பேரு போட்டு மாத்தி வச்சிட்டேன்." லிஜி செய்த உண்மையான கோப்பை அவர் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அகப்பட்டது.

"நான் அப்பமே நினைச்சேன்" என்றார் ரசலையன். சிஜோ அவரை ஒரு பார்வை பார்த்தான்.

சிலுவை பிரபினின் தோளைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார். கல்யாணம் உண்டு என்பதற்கு அது போதுமானதாக இருந்தது. லிஜி பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை. அது அவளுக்கு வலித்தது.

மறுநாள் மண்டபத்தில் மணமக்கள் கோப்பைகளைக் கையில் எடுத்தபோது சிலுவை மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"இந்த கிளாஸ் செஞ்ச பிள்ளை லிஜி. முந்தாநாள் நான் வாய்க்கு வந்தபடி அவளை ஏசினேன். அவ பொய்யா ஒத்துக்கிட்டிருந்தாலும் இந்தக் கல்யாணம் நடந்திருக்கும். ஆனா சாவுத வரைக்கும் எனக்க மருமவனை நான் சந்தேகமாத்தான் பாத்திருப்பேன். அவ ஒத்துக்கல்ல. மோளே லிஜி, எழும்பு. உன்னை எல்லாரும் பாக்கட்டு."

லிஜி எழுந்து நின்றாள். மண்டபம் முழுக்கத் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்தபோது, அவள் தலை குனியவில்லை.