கரடிக்குள் ஒரு மனிதன்

மனித குலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது: பூமியிலிருந்து எப்போதோ மறைந்துபோன குகைக் கரடிக்கு, மனிதனைப் போலவே பேச்சுக்கான மரபணு இருந்தது!

மேடையில் இதை அறிவித்தவர் பேராசிரியர். மற்ற பேராசிரியர்கள் வயிற்றெரிச்சலோடு கைதட்டினார்கள்.

அந்தக் கரடிக்கு வம்சாவளி வரைவதுதான் அவரிடம் படிக்கும் மாணவியின் முனைவர் பட்ட ஆய்வு. எலும்புத்தூளில் கிடைத்த மரபணு எழுத்துகளைக் கணினியில் கொட்டி, யாருக்கு யார் பங்காளி என்று கிளை பிரிக்கும் வேலை. அவர் பொறுக்கித் தந்த மரபணுத் துண்டுகளை வைத்தே வருடக்கணக்காக மாரடித்தாள்.

இன்று மதியம் அவர் சாப்பிடப் போன நேரம், அவருடைய கணினியிலிருந்து முழுத் தொகுப்பையும் எடுத்து ஓட்டினாள்.

படம் விரிந்தது.

மறுபடியும் ஓட்டினாள். அதே படம்...

அந்த மரபணு கரடிக் கிளையிலேயே இல்லை. மனிதக் கிளையில் சட்டமாக உட்கார்ந்திருந்தது!

அந்த ஆய்வுக்கூடத்தில் சேருகிற எல்லோரும் முதல் நாளே ஒரு குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். நாளை தூளில் யாருடைய மரபணுவாவது கலந்தால், ஆளைப் பிடிப்பதற்கு.

ஒப்பிட்டாள்.

ஆள் சிக்கினார். அவளுக்கு முன் அதே நாற்காலியில் இருந்த சீனியர்!

கரடி எலும்பை அரைத்தவர் அவர்தான். ஒரு நாள் வீட்டுக்குக் கிளம்பினார், பிறகு வரவேயில்லை. கைபேசி அணைந்து கிடந்தது. அவர் பேச்சை எடுத்தாலே பேராசிரியரின் முகம் வெளிறும்.

தூளில் கரடியைவிட மனிதன் அதிகம் இருந்தான்.

அவள் மெல்லத் திரும்பி, மூலையில் இருந்த எலும்பு அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்தாள்.

அதில் கரடியை மட்டும்தான் அரைத்தார்களா...?

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

பேராசிரியர்!

அவர் பார்வை திரையில் நின்றது. அந்த மனிதக் கிளையில் நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான், சாகப்போகிறவர்கள் மட்டுமே தரும் பதில் அது என்று உறைத்தது.

"நல்லது" என்றார். கை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போனது.

அவள் முதுகு இயந்திரத்தில் இடித்தது.

"சார்... அண்ணாவை என்ன செஞ்சீங்க?"

பையிலிருந்து வெளியே வந்தது கைபேசி. ஏதோ எண்ணை அழுத்தி, அவளிடம் நீட்டினார்.

மறுமுனையில் கோழிகளின் கூச்சல். அதற்கு நடுவே, செத்துப்போன சீனியரின் குரல்!

"யாரு, தங்கச்சியா? கண்டுபிடிச்சிட்டியா?"

பண்ணை வைத்திருக்கிறாராம். பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். எந்தக் கோழி எந்தக் கிளை என்று இங்கே யாரும் கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்றார்.

"அப்போ அந்தத் தூள்ல நீங்க எப்படிண்ணா?"

"அரைக்கும்போது மாஸ்க்கைக் கழட்டிட்டு, போன்ல உங்க அண்ணிகூட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்மா. எச்சில் கொஞ்சம் தெறிச்சிருச்சு. கரடிதான் செத்து எவ்வளவோ காலமாச்சே, அதுக்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? சார் மேடை ஏறின அன்னைக்குத்தான் எனக்கே விளங்குச்சு. அவர் காதுல போட்டுட்டு ஓடியே வந்துட்டேன்."

பேராசிரியர் நாற்காலியில் சரிந்திருந்தார்.

"கொலைன்னாக்கூட ஒரு வக்கீலை வச்சிக்கலாம்மா. இதுக்கு யாரை வைக்கிறது?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் திரையைப் பார்த்தாள். அவள் எழுதி முடித்திருந்த அத்தனை அத்தியாயங்களும் அந்த எச்சிலைப் பற்றியவை.

அப்போதுதான் அலறினாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த காவலாளி கதவைத் தட்டி, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டார்.

கொலை நடக்கவில்லை. ஆராய்ச்சியும் நடக்கவில்லை.